நஞ்சு முறியும் குளம்

எங்கள் ஆய்வுகூடத்தில் சயனைட் என்ற சொல்லைக் கோப்பி குடித்துக்கொண்டே சொல்கிறார்கள். ‘இன்றைக்குச் சயனைட் எப்படி?’ என்று மேலாளர் கிரெய்க் கேட்பதும், வெளியே குளிர் எப்படி என்று கேட்பதும் ஒரே குரலில்தான். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை காலமாகியும் அதற்கு மட்டும் என் காது பழகவில்லை. வேலைக்கான நேர்முகத்தில், சயனைட்டோடு முன்பழக்கம் உண்டா என்று அவர் கேட்டார். எங்கள் வீட்டில் ஒருவர் வைத்திருந்தார் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன். சயனைட் சேர்த்து நகைக்கு முலாம் பூசுகிற குடும்பம் என்று மனிதர் எடுத்துக்கொண்டார். இன்றும் புதிதாக வருகிறவர்களிடம் என்னைப் பொற்கொல்லர் பரம்பரை என்றே அறிமுகம் செய்கிறார். நான் திருத்துவதில்லை. எங்கிருந்து தொடங்குவது?

வடக்கே காட்டுக்குள் இருக்கிறது எங்கள் ஆய்வுகூடம் வேலைசெய்யும் தங்கச் சுரங்கம். பாறையை மாவாக அரைத்து, சயனைட் கலந்த நீரில் தங்கத்தைக் கரைத்தெடுப்பார்கள். மிஞ்சுகிற சேறு குளத்துக்குப் போகுமுன் அதன் நஞ்சை முறிப்பது எங்கள் பாடு. தொட்டியில் கந்தகவாயுவும் காற்றும் ஊதி, கொஞ்சம் செப்புச் சேர்த்தால் பெரும்பகுதி முறிந்துவிடும். மிச்சத்தைக் குளத்து வெயில் பார்த்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை ‘அழிப்பது’ என்கிறார்கள். தமிழில் சொன்னால், நாங்கள் நஞ்சை முறிக்கிறவர்கள். கோடையில் அந்தக் கரையில் நின்றால், மங்கிய பச்சையில் நீர் அசையாமல் கிடக்கும். வெயில் அதற்குள் இறங்கி ஓசையில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கும். பார்க்கப் பார்க்கக் கண் சொக்கும். எந்த நாட்டில் நிற்கிறேன் என்பதும் மறந்துபோகும்.

போன கிழமை, நச்சுவாயு வந்தால் கத்துகிற சின்னக் கருவியைக் கழற்ற மறந்து ரொறன்ரோவில், மோர்னிங்சைட் வீட்டுக்கு வந்துவிட்டேன். தீப்பெட்டி அளவு, கறுப்பு நாடாவில் தொங்குவது. கதவைத் திறந்த அம்மா அதையே பார்த்தார்.

“கழுத்திலை என்ன உது?”

“சயனைட்டுக்கு, அம்மா” என்றேன், யோசிக்காமல்.

இயக்கத்துக்குப் போன அண்ணன் கடைசியாக வீட்டுக்கு வந்தபோதும், அவன் கழுத்து நாடாவைப் பார்த்து அம்மா இதே கேள்வியைத்தான் கேட்டார். அவன் அதைச் சட்டைக்குள் தள்ளிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான். பிறகு, பிடிபடாமலிருக்க அந்த நாடாவில் தொங்கிய சயனைட் குப்பியைக் கடித்துவிட்டான் என்ற செய்திதான் வந்தது.

அம்மா வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில், தரையிலேயே இருந்துவிட்டார். நாளைக்குச் சுரங்கத்துக்குப் போகவேண்டாம், வேலையையே விடு என்றார். அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதற்குள் நஞ்சில்லை, நஞ்சு கிட்ட வந்தால் சொல்லத்தான் என்று விளக்கி, பொத்தானை அமத்திக் கத்தவைத்தும் காட்டினேன்.

“உது கத்தினால் நீ என்ன செய்வாய்?”

“ஓடவேணும். நிண்டால் வேலையாலை நிப்பாட்டிப்போடுவினம்.”

“ஓடச்சொல்லியோ உதைத் தந்தவை?”

ஓம் என்றேன். அம்மா அதைக் கையில் வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

“அப்ப போ. கத்தினால் ஓடு. ஒருத்தரையும் திரும்பிப் பாராதை.”

இப்போது குளக்கரையில் நிற்கிறேன். வெயில் நீருக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. அண்ணனுக்கும் ஓடச்சொல்லி ஒன்றைத் தந்திருக்கலாம். என்னையறியாமல் என் கை நாடாவைச் சட்டைக்குள் மறைத்து, கழுத்துப் பொத்தானைப் பூட்டிவிட்டது. வெளியே தெரியத் தொங்கவிட வேண்டும் என்று தூரத்திலிருந்து சைகை காட்டுகிறார் கிரெய்க்.