இடுப்புக் கட்டு

எல்லைப் பிரச்சினை நடந்த நாட்களில், நகரி பக்கத்து எங்கள் ஊர் ஆந்திராவுக்கா மதராஸுக்கா என்று நைனா ஊர் ஊராகப் போய்க் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார். அம்மாவின் இடுப்பில் ஆறாத புண் இருந்தது அவருக்குத் தெரியாது.

நடவுக்குப் போகிறவர்கள் சேலை நழுவாமலிருக்கப் பாவாடை நாடாவை இடுப்பில் இறுக்கிக் கட்டுவார்கள். அந்தக் கட்டு அழுத்தும் இடத்தில்தான் புண். அம்மா அதில் மஞ்சளை அப்பி, யாருக்கும் தெரியாதிருக்க அதன் மேலேயே இன்னும் இறுக்கிக் கட்டினாள். நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

சேலையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு அக்காவும் நானும் அவளைச் சித்தூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனோம்.

"கட்டு அறுத்த புண்ணும்மா. வேலை செய்யற பொம்பளைங்க அல்லாருக்கும் கீது," என்றாள் அம்மா, அங்கிருந்த டாக்டரம்மாவிடம்.

டாக்டரம்மா சதையைக் கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்களிடம் சொன்னார்: "தோல்ல வந்த புற்றுநோய். வருஷக்கணக்கா ஒரே எடத்துல ஒரசினதால வந்தது. இன்னும் பரவலை. சுத்தியிருக்கிற நல்ல தோலையும் கொஞ்சம் சேத்து வெட்டி எடுத்துடலாம். மிச்சம் இருந்தாத்தான் மெட்ராஸ்ல ரேடியம் வெக்கணும்."

புற்று என்றால் சாவு என்றிருந்தோம். வெட்டி எடுத்தார்கள், ஆறிவிட்டது.

ஊர் திரும்பியதும் அக்காவும் நானும் கதவைச் சாத்திக்கொண்டு பாவாடை நாடாவைத் தளர்த்திப் பார்த்தோம். இருவருக்கும் நாடா பதிந்த இடம் கறுத்துத் தடித்திருந்தது.

வெளியிலிருந்து அம்மா கத்தினாள்: "நடவுக்கு நேரமாச்சிடி. நல்லா இறுக்கிக் கட்டிக்கினு வாங்க."