அவங்க அப்பா கார்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என்னைப் பெற்றவரிலிருந்து கூட வேலை பார்த்தவர்கள் வரை எல்லாரும் இதைச் சொல்லிவிட்டார்கள். நானும் ஏதோ பட்டம் வாங்கியது போலத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். திண்டுக்கல்லில் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்குப் பதிவு செய்கிற கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒப்பந்த வேலை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, கைரேகை வைக்கிற கருவி, தலையை ஆட்ட மறந்துபோன ஒரு மேசை ஃபேன். காலையில் கதவைத் திறக்கும்போதே வேடசந்தூர் பஸ்ஸிலும் வடமதுரை பஸ்ஸிலும் வந்தவர்கள் வரிசையில் நிற்பார்கள். குடும்ப அட்டை, வருமானச் சான்று, ஆதார், ஃபோட்டோவுக்கு ஆட்கள். எல்லாம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டும். திருப்பி அனுப்புவதில் நான் கெட்டிக்காரி.

அதற்கு ஒரு காரணமும் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூட்டிவந்து, தன் பிள்ளை என்று சொல்லிப் பதிவு செய்துவிட்டுப் போய்விட்டார். பிறகு விஷயம் வெளியே வந்து, மேலதிகாரி என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அன்றிலிருந்து எந்தப் பிள்ளை வந்தாலும் இது யார் பிள்ளை என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பிள்ளைக்கு என்ன நோவு என்பது அதற்குப் பிறகுதான். எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தேன்.

அந்த அம்மா வந்தது ஒரு வெயில் காலத்து நண்பகல். வேடசந்தூர்ப் பக்கம் நூல் மில்லில் வேலை. தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்ததைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நேராக வந்திருப்பார். இடுப்பளவு உயரத்தில் ஒரு பெண் பிள்ளை. துறுதுறுவென்று எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா?" என்றேன்.

"எம்மகளுக்கு மேடம். காது கேக்காது. அங்கன்வாடிக்கு டாக்டருங்க வந்து பாத்தாங்க. மதுரையில ஆப்ரேசன் பண்ணி உள்ள மிசின் வச்சா காது கேக்கும், பேச்சும் வந்துரும்னாங்க. ஆனா ஆறு வயசுக்குள்ள வச்சுரணுமாம். மொதல்ல காப்பீட்டு அட்டைய வாங்கிட்டு வாங்கன்னு அனுப்பிச்சாங்க."

பிள்ளைக்கு அப்போது நாலே முக்கால் வயது. குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்தேன். கணவர், இவர், இரண்டு மகன்கள். அவ்வளவுதான்.

"இதுல பொம்பளப் பிள்ளையே இல்லையேம்மா."

"அவ பேரு இதுல இல்ல மேடம். அவங்க அப்பா கார்டுல இருக்கு."

"அப்ப இதுல இருக்கவரு யாரு?"

"எங்க வீட்டுக்காரரு."

இந்த இடத்தில் குரலைத் தாழ்த்தி, "பிள்ளை யாரு பெத்ததும்மா?" என்று கேட்டிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்கும். ஆனால் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்கள், எனக்குப் பசி வேறு, கையில் இப்படி ஒரு பதில் வந்து விழுந்திருக்கிறது. என் வாய் சும்மா இருக்குமா?

"வீட்டுக்காரரு ஒருத்தரு, பிள்ளைக்கு அப்பா இன்னொருத்தரா? நல்லா இருக்கும்மா உங்க குடும்பக் கார்டு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பெரியவர் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எல்லாரும் சிரிக்கிறார்களே என்று அந்தப் பிள்ளையும் சிரித்தது. அந்த அம்மாவின் முகம் மட்டும் செத்துப்போயிற்று. "அப்படி இல்ல மேடம்" என்று ஆரம்பித்தார். குனிந்து பிள்ளையைப் பார்த்தார். அது அண்ணாந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. என்ன நினைத்தாரோ, சொல்ல வந்ததை விழுங்கிவிட்டார்.

"எம்மகதான் மேடம்" என்றார், மெதுவாக.

"அப்ப உங்க கார்டுல பேரச் சேத்துட்டு வாங்க. அடுத்து யாருப்பா?"

பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எழுதிக்கொண்டு வந்த விண்ணப்பத்தை மேசையிலேயே விட்டுவிட்டார். ஃபோன் நம்பர் முதற்கொண்டு எல்லாம் அதில் இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டில் காபி போட்டுக்கொண்டே என் அக்காவிடம் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தேன். அக்கா மகளுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். "எம்மகளுக்குக் காய்ச்சல் விட்டுச்சா?" என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் உடன்பிறந்தவள் பெற்ற பிள்ளையும் மகள்தான். 'அக்கா மகள்' என்று பிரித்துச் சொன்னால், ஏண்டி, என் பிள்ளை உனக்கு வேற்றாளாகிவிட்டதா என்று என் அக்கா ஒரு வாரம் பேச மாட்டாள். நானே தினம் வாய் நிறையச் சொல்கிற வார்த்தைதான். அந்த அம்மாவும் அதையேதான் சொன்னார். அவரோடு பிறந்தவள் பெற்ற பிள்ளை. பெற்றவளுக்கு ஏதோ ஆகியிருக்கிறது. பிள்ளையின் பேர் அதன் அப்பா அட்டையில் இருக்கிறது. இதில் என்ன புதிர்? ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்திருக்கும். அடிப்பாவி, என்ன பேச்சுப் பேசிவிட்டாய் என்று என்னையே வைதுகொண்டேன். அக்கா அந்தப் பக்கம் "ஏய், லைன்ல இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

மறுநாள் வேலைக்குப் போனதும் விண்ணப்பத்தை எடுத்தேன். நம்பரை ஃபோனில் தட்டிக்கூட வைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது? "நேத்து உங்களைத் தப்பாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கங்க" என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. எப்படியும் திரும்பி வருவார், வந்தால் வரிசையில் நிற்க வைக்காமல் முதலாளாகக் கூப்பிட்டு முடித்துக் கொடுத்துவிடலாம் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஒரு வாரம் மேசை மேலேயே இருந்த காகிதம் டிராயருக்குள் போனது. பிறகு அதன் மேல் வேறு காகிதங்கள் வந்தன. எங்கள் மாதா கோயிலில் தவக்காலத்தில் பாவத்தை அறிக்கையிடப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் சுவாமியாரிடம் கோபப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன், பொறாமைப்பட்டதைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை.

ஒன்றரை வருடம் கழித்து வந்தார். எனக்கு முதலில் அடையாளம் தெரிந்தது பிள்ளையைத்தான். நன்றாக வளர்ந்து, இரட்டைச் சடை போட்டிருந்தது. அந்த அம்மா ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மேசையில் வைத்தார். புதுக் குடும்ப அட்டையில் அந்தப் பிள்ளையின் பேர் இருந்தது. வருமானச் சான்று, ஆதார், பிறப்புச் சான்று எல்லாம் வரிசையாக அடுக்கியிருந்தார். அத்தனை பேரைத் திருப்பி அனுப்பிய என்னால் அதில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் தட்டிக்கொண்டிருக்கும்போது அவராகவே சொன்னார். குரலில் கோபம் என்று ஒன்றும் இல்லை.

"இந்தப் பேரச் சேக்குறதுக்குள்ள தாலி அறுந்துபோச்சு மேடம். மொதல்ல ரெட்டியார்சத்திரத்துல இருக்க அவங்க அப்பா கார்டுல இருந்து நீக்கணும்னாங்க. அதுக்கு அந்தாளு ஃபோனுக்கு ஓடிபி போகுமாம். அவரு கேரளாவுல லோடு ஏத்துறாரு. நம்பர மாத்தி மாத்தி வச்சிருக்காரு, அடிச்சா எடுக்க மாட்டாரு. போன பொங்கலுக்கு வாரேன்னாரு, வரல. ஊர்த் திருவிழாவுக்கு வந்தப்பதான் புடிச்சு ஒக்கார வச்சோம். அப்பறம் புதுக் கார்டு அடிச்சு வர இம்புட்டு நாளாச்சு. வாரத்துல எனக்கு ஒரு நாளுதான் மேடம் லீவு. ஒவ்வொரு லீவும் இதுக்கே போச்சு."

ஆண்டவரே, இத்தனையும் நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. பிறந்த தேதியைத் தட்டும்போது என் விரல் நின்றது. ஆறு முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "இன்னைக்கே மதுரைக்குப் போயிருங்கம்மா, செத்த நேரமும் வீணாக்காதீங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர்கள் போனபின் ஒரு காரியம் செய்தேன். செய்யாமலே இருந்திருக்கலாம். அவர் கொடுத்துவிட்டுப் போன நகல்களில், பேர் நீக்கிய சான்றில் அந்த அப்பாவின் பழைய குடும்ப அட்டை எண் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் தட்டினேன். ஒரு காப்பீட்டுப் பதிவு வந்து நின்றது. பிள்ளையின் தாய் நோயில் கிடந்தபோது எடுத்திருக்கிறார்கள். ஃபோட்டோவில் அப்பா, மெலிந்துபோன அம்மா, அவர் இடுப்பில் கைக்குழந்தையாக இந்தப் பிள்ளை. மூன்று பேர் பேரும் இருந்தன. அந்தப் பிள்ளைக்குக் காப்பீடு இல்லாமல் ஒரு நாள்கூட இருந்ததில்லை. முதல் நாள், அப்பா கார்டு நம்பர் என்னம்மா என்று கேட்டு நான் தட்டியிருந்தால் போதும். அன்றைக்கே கையில் காகிதத்தைக் கொடுத்து மதுரைக்கு அனுப்பியிருப்பேன்.

ஒரு மாதம் இருக்கும். அந்த அம்மா தனியாக வந்தார். மதியச் சாப்பாட்டு நேரம். கவுண்டரில் வேறு யாரும் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னேன். நுனியில் உட்கார்ந்தார்.

"வயசு தாண்டிப்போச்சுன்னுட்டாங்க மேடம். இனிமே வச்சாலும் பேச்சு வாரது கஷ்டம்னு டாக்டரு சொல்லிட்டாரு. காதுக்கு வெளிய மாட்டுற மிசின் குடுத்திருக்காங்க. அதுல பெருசா ஒண்ணும் கேக்கல போல. காது கேளாத பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல சேக்கச் சொன்னாங்க. சேத்துட்டோம்."

அவர் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கலாம்னு வந்தேன் மேடம். நான் மொத மொத வந்தேன்ல, அன்னைக்கே அவள வெளிய ஒக்கார வச்சுட்டு, இது எந்தங்கச்சி பிள்ள, எந்தங்கச்சி செத்துப்போச்சுன்னு உங்ககிட்டச் சொல்லிருந்தா அப்பவே முடிஞ்சிருக்குமா? அவளுக்கு முன்னால சொல்ல எனக்கு வாய் வரல. காது கேக்காதுன்னுதான் பேரு, வாயப் பாத்தே எல்லாம் புடிச்சிருவா. நாந்தான் பெத்தவன்னு நெனச்சுக்கிட்டு இருக்கா. எங்க வீட்டுக்காரரு தெனமும் சொல்லிக் காட்டுறாரு மேடம், அன்னைக்கு நீ வாயத் தொறந்திருந்தா பிள்ள இன்னைக்குப் பேசிருக்கும்னு."

எதிரே உட்கார்ந்திருப்பவளின் வாயால்தான் இத்தனையும் வந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, அதைத்தான் என்னிடம் கேட்க வந்திருக்கிறார். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்லம்மா. அன்னைக்குச் சொல்லிருந்தாலும் ஆகியிருக்காது. ரூல் அப்படி."

"நெசமாவா மேடம்?"

"நெசமாத்தான்."

அவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். கொஞ்ச நேரம் கழித்துத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது முகம் தெளிந்திருந்தது. அவர் மனசு ஆறட்டும் என்று அந்தப் பொய்யைச் சொன்னேனா, நான் தப்பிக்கச் சொன்னேனா என்று இன்றைக்கும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் சொன்ன பிறகு அதைத் திரும்பப் பிடுங்க எனக்குத் தைரியம் இல்லை.

"இத எங்க வீட்டுக்காரருக்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க மேடம். நான் சொன்னா நம்ப மாட்டாரு" என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் நம்பரைப் போட்டு ஃபோனை என்னிடம் நீட்டினார்.

அந்தப் பக்கம் ஒரு ஆண் குரல், களைத்த குரல், "சொல்லுங்க மேடம்" என்றது.

"உங்க வீட்டுக்காரம்மா மேல ஒரு தப்பும் இல்லங்க" என்றேன். அது உண்மைதான்.

"அப்ப யாரு மேலதான் மேடம் தப்பு?" என்று கேட்டார்.

நான் ஃபோனை அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.