கறுத்த வெள்ளிச் சில்லு

பிப்ரவரி 11. தங்கை வீட்டுக் கிணறு. 38.
ஜூன் 24. அதே கிணறு. 2,906.
ஜூன் 25. அதே கிணறு, மறுபடியும். 2,871.

தண்ணீர்ப் பரிசோதனைக்கூடத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர் தன் கைப்பட எழுதிய வரிகள் இவை. தண்ணீரில் கலந்த பூச்சிமருந்து, லேசர் பட்டதும் எவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்பியது என்பதைச் சொல்லும் எண்கள். வெறும் கண்ணாடியில் அந்த ஒளி எடுபடாது. கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள் பூசிய சில்லில் ஒரு சொட்டு விட்டால், அதே மருந்து பல ஆயிரம் மடங்கு பிரகாசமாகித் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் காற்றுப் பட்டால் வெள்ளி கறுக்கும். சில வாரங்களில் சில்லு செத்த மாதிரிதான்.

பிப்ரவரியில் தங்கையின் கணவர் பாட்டிலும் கையுமாக வந்து நின்றார். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாகப் பூச்சிமருந்துக் கிடங்கு வந்திருந்தது.

“மச்சான், தண்ணிக்கு ஜுரம் இருக்கான்னு பாத்துச் சொல்லுங்க.”

“நாக்கை நீட்டச் சொல்லுங்க மாப்பிள்ளை, பாத்துடலாம்.”

ஆபீஸ் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத மனிதர். சொந்தக்காரர் தண்ணீருக்காகப் புதுச் சில்லைத் தொட மனம் வரவில்லை. கழித்துப்போட்ட சில்லுகள் கிடந்த டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்தார். முதலில் சாயத்துளி விட்டு, சில்லுக்கு உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது முறை. சாயமும் ஆபீஸ் சாயம்தானே என்று அதையும் விட்டுவிட்டார். திரையில் கோடு சமமாக ஓடியது.

“ஒண்ணுமில்ல. தைரியமாக் குடிங்க.”

ஜூனில் தங்கை போன் செய்தாள். “அண்ணா, கை நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியல.” தையல்தான் அவள் பிழைப்பு. அன்றே தண்ணீர் எடுத்துவந்து புதுச் சில்லில் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். பிறகு நேரே தங்கையிடம் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

“பழைய சில்லுன்னு அன்னிக்கே தெரியுமா?”

“தெரியும்மா.”

“யாரோ ஒருத்தர் வீட்டுத் தண்ணின்னா புதுசு போட்டிருப்பே, இல்ல?”

“போட்டிருப்பேன்.”

அன்று மாலையே மாப்பிள்ளை கிணற்றை மூடினார். பிப்ரவரியிலேயே நிறுத்தியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அண்ணன் தங்கைக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். அவள் போனை எடுக்கவில்லை. ஐந்தாவது கடிதத்துக்குத்தான் பதில் வந்தது. எழுத்து கோணல்மாணலாக இருந்தது: “கை அப்படியேதான் இருக்கு. மெஷினைக் கொடுத்துட்டேன். இனிமே எழுதாதே அண்ணா.”

பதில் வந்த நாள், நவம்பர் 17.