வலது கைக்கு ஒரு குழி

பிரெஞ்சுக் கொடி இறங்கிய மறுவருடம் நான் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் எடுபிடி வேலை பார்த்தேன். ஸ்ட்ரெச்சர் தூக்குவது, தரை கழுவுவது, செத்தவர்களைப் பின்கட்டுக்குக் கொண்டுபோவது. அதற்கு முன்பு மரக்காணத்தில் உப்பு வாரினேன். அதற்கும் முன்பு விழுப்புரம் ஸ்டேஷனில் மூட்டை. ஐந்தாம் வகுப்போடு மிஷன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனுக்கு ஊர் மாறினாலும் வேலை மாறுவதில்லை. எங்கே போனாலும் எதையாவது தூக்க வேண்டியதுதான்.

அறுத்தெடுத்த கைகால்களைப் புதைப்பதும் எங்கள் வேலைதான். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் சமையலுக்கான விறகுக் கொட்டகை இருந்தது. அதையொட்டி மதிலோரம் ஒரு முருங்கை மரம். அதன் அடியில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் புதைத்து, நாய் கிளறாதபடி மேலே ஒரு கல்லை வைத்துவிட்டு வருவோம். யாரும் செபம் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை, அந்த ஆள் வரும்வரை.

அவர் பஞ்சு மில்லில் வேலை செய்தவர். சிக்கெடுக்கிற உருளையில் வலது கை மாட்டிக்கொண்டது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மறுநாள் காலை நான் அவர் கட்டிலுக்குக் கீழே கழுவிக்கொண்டிருந்தபோது கண் விழித்தார். தண்ணீர் கேட்கவில்லை, பெண்டாட்டியைக் கேட்கவில்லை.

"தம்பி, கை எங்க?"

"எடுத்துட்டாங்கண்ணே."

"எடுத்தது தெரியுது. எங்க வச்சிருக்கீங்க?"

அப்போது அது பின்கட்டில் ஒரு பழைய துணியில் சுற்றி வாளிக்குள் இருந்தது. சொன்னேன். அடுத்து என்ன செய்வீர்கள் என்றார். முருங்கை மரத்தைச் சொன்னேன். தலையை என் பக்கம் திருப்பினார்.

"நீ வேதக்காரனா?"

ஞானஸ்நானம் வாங்கியவன்தான் என்றேன்.

"அப்ப உனக்குத் தெரியணும். கடைசி நாள்ல உடம்போடதான எழும்பப்போறோம்? நான் இங்க, என் கை விறகுக் கொட்டாயிலன்னா எப்பிடிடா? கல்லறைக்குக் கொண்டுபோயி மந்திரிச்ச மண்ணுல வையி. உனக்குப் புண்ணியமாப் போவும்."

சரீர உத்தானம், நித்திய சீவியம் எல்லாம் பள்ளிக்கூடத்தில் பிரம்புக்குப் பயந்து மனப்பாடம் செய்தவை. ஒருவர் அதை நம்பி ஒரு வாளியைப் பற்றிக் கவலைப்படுவார் என்று நான் நினைத்ததில்லை. சரி என்றேன்.

ஐப்பசி மழை. முந்தின இரண்டு நாளும் நான் சரியாகத் தூங்கியிருக்கவில்லை. துணி மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லறைக்கு நடந்தேன். ஒரு கை அவ்வளவு கனக்கும் என்று தூக்கிப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. கல்லறைக் காவல்காரர் கதவைப் பாதி திறந்து, "சாமியார் சீட்டு எங்க?" என்றார். சீட்டு இல்லை. "ஆள் செத்தாச்சா?" இல்லை, ஆள் கஞ்சி குடிக்கிறார் என்றேன். "உயிரோட இருக்கிறவனுக்கு எப்பிடிக் குழி வெட்டுறது? போயி சீட்டு வாங்கியா." மாதா கோயிலுக்குப் போனால் சாமியார் அரியாங்குப்பத்தில் சாகக் கிடக்கிற ஒருவருக்கு அவஸ்தை பூசப் போயிருக்கிறார், சாயங்காலம்தான் வருவார் என்றார்கள். மழை வலுத்தது. சற்று நேரம் கோயில் வாசலில் நின்றேன். பிறகு ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய் முருங்கை மரத்தடியில் தோண்டினேன்.

இதற்கு மேல் காரணம் கிடையாது. களைப்பு, அவ்வளவுதான்.

"வச்சிட்டியா?" என்றார்.

"வச்சிட்டேன்."

"எங்க?"

"மேற்கு மதிலோரம். பூவரசு மரம் இருக்குல்ல, அதுக்குக் கீழ."

பூவரசு மரத்தைக் கதவிடுக்கில் பார்த்திருந்தேன். பொய்க்கு அது போதுமாயிருந்தது.

கட்டுப் பிரிக்கும் முன்பே கல்லறைத் திருநாள் வந்தது. தோளில் தூளி கட்டிய கையோடு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். இன்னொரு கையில் சாமந்திப் பூவும் மெழுகுவத்தியும். கூட அவர் மனைவி. "வா, இடத்தைக் காட்டு." போனேன். பூவரசு மரத்தடியில் காலியாகக் கிடந்த ஒரு முழ மண்ணைக் காட்டினேன். அவர் குனிந்து இடது கையால் மண்ணைக் குவித்துத் தட்டினார். பூவை வைத்தார். ஒற்றைக் கையால் தீக்குச்சி உரச வரவில்லை. நான்தான் உரசி ஏற்றினேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. மில்லில் அவரை வாசலில் காவலுக்கு உட்கார வைத்துவிட்டார்கள். நான் ஆஸ்பத்திரியை விட்டுக் காரைக்கால் போனேன், கடலூர்த் துறைமுகத்தில் கிடந்தேன், செங்கல் சூளையில் ஒரு கோடை முழுக்க வெந்தேன். எங்கே இருந்தாலும் கல்லறைத் திருநாளுக்குப் புதுச்சேரிக்கு வந்துவிடுவேன். நான் வராவிட்டால் அவருக்கு யார் தீக்குச்சி உரசுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் மனைவி உரசியிருக்கலாம். உண்மையில், நான் இல்லாத வருடத்தில் யாராவது அங்கே தோண்டிவிடுவார்களோ என்றுதான் பயம்.

அந்த அம்மா வருடா வருடம் ஒன்றைத்தான் சொல்வார்: "கைக்குப் பூவு, கைக்கு வத்தி. நான் ஒருத்தி முழுசா பக்கத்துல நிக்கிறேன். எனக்கு ஒரு முழம் பூ வாங்கித் தந்திருப்பாரா இந்த மனுசன்?"

"நீ இன்னும் சாவலையே" என்பார் அவர்.

"கை மட்டும் செத்துதா? ஆள் உள்ள வரைக்கும் அதுவும் உசுருதான்."

திரும்பி நடக்கும்போது எங்கள் பேச்சு எப்போதும் மறுமையில் போய் நிற்கும். மனிதர் மட்டும் எழும்பினால் போதாது என்பது அவர் கட்சி. கோயில் உபதேசியாரிடம் கேட்டுத் தெளிந்திருந்தார். படைத்ததெல்லாம் பழையபடி நன்றாகும். வெட்டிய மரம் தழைக்கும். மில் சாக்கடை விழுந்து கறுத்த வாய்க்காலில் தண்ணீர் தெளியும். அறுபட்ட ஆடு எழுந்து மேயும். நான் கேலி செய்வேன்.

"அப்ப மில்லும் எழும்புமாண்ணே?"

"எழும்பும். உருளை கையப் புடிக்காது."

"எனக்கு இதெல்லாம் வேணாம். எழும்பினா மறுபடியும் எதையாவது தூக்கச் சொல்வாங்க. அப்பிடியே தூங்க விட்டாப் போதும்."

"அங்க களைப்பு இருக்காதுடா. களைப்பையும் அவரு ரிப்பேர் பண்ணிடுவாரு."

நான் சிரித்துவிட்டு அவர்கள் வீட்டில் மீன் குழம்பும் சோறும் சாப்பிடுவேன். அந்தச் சோறு ஒவ்வொரு வருடமும் இறங்கக் கஷ்டப்பட்டது. ஆனாலும் இறங்கியது. பசி இருந்தது.

ஆறாம் வருடம், கோவாவில் பட்டாளம் இறங்கப்போகிறது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்த சமயம், மூன்று பேரும் கல்லறைக்குள் போனோம். பூவரசு மரத்தடியில் புது மண் மேடு. புதுச் சிலுவை. யாரோ ஒரு கிழவியை அந்த வாரம்தான் அடக்கம் செய்திருந்தார்கள். ஆறடிக் குழி, எங்கள் ஒரு முழ மண்ணை விழுங்கிவிட்டிருந்தது.

அவர் பூவைக் கீழே வைக்காமல் நின்றார். பிறகு காவல்காரரைக் கூப்பிட்டார். அதே காவல்காரர்தான்.

"இங்க வெட்டும்போது ஒரு கை வந்துதா?"

"கையா?"

"எலும்பு. கையெலும்பு."

"இது புது மண்ணு. ஒரு வேர்கூட குறுக்க வரல. நான்தான வெட்டினேன்." காவல்காரர் என் பக்கம் திரும்பினார். வயதானவர், ஆனாலும் ஞாபகம் இருந்தது. "மழைல ஒரு மூட்டையோட வந்து நின்னியே, அது நீதான? சீட்டு வாங்கியாறேன்னு போனவன் திரும்பி வரவேயில்லையே?"

அவர் மனைவி என்னைப் பார்த்தார். அவர் பார்க்கவில்லை. பூவரசையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்ல அதிகம் இல்லை: மழை, சீட்டு, முருங்கை மரம்.

அவர் அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் அன்று சாயங்காலமே பஸ் ஏறியிருப்பேன். அவர் நேராகக் கோயிலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். சாமியார் வெள்ளைக்காரர். நாற்பது வருடம் இங்கேயே கிடந்து தமிழ் பேசப் பழகியவர். பொறுமையாகக் கேட்டார். கடலில் மூழ்கி மீனுக்கு இரையானவனையும் சர்வேசுரன் எழுப்புவார், எந்த மண் என்பது அவருக்கு ஒரு தடையில்லை, கவலையை விடும் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

அவர் சாமியாரைக் கேட்டார்: "சர்வேசுரனுக்குத் தெரியும், சாமி. இல்லேங்கல. ஆறு வருசமா வெறும் மண்ணுக்குப் பூ போட்டிருக்கேனே, நான் இன்னா பண்றது?"

சாமியார் மேசையருகே போய் உட்கார்ந்தார். பிறகு ஒரு காகிதத்தை எடுத்துச் சீட்டு எழுதிக் கொடுத்தார். ஆறு வருடத்துக்கு முன்பு நான் சாயங்காலம்வரை காத்திருந்தால் கிடைத்திருக்கும் சீட்டு.

மறுநாள் காலை அவரும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். விறகுக்காரர் பழைய ஆள், மண்வெட்டி தந்தார். முருங்கை மரம் புயலில் ஒடிந்து மறுபடி துளிர்த்திருந்தது. கற்கள் இடம் மாறிக் கிடந்தன. நான் போன பிறகும் ஆட்கள் வந்திருக்கிறார்கள், புதைத்திருக்கிறார்கள். எனக்கு ஞாபகமிருந்த இடத்தில் தோண்டினேன்.

முதலில் ஒரு கால் எலும்பு வந்தது. அதை ஓரமாக வைத்தேன். பிறகு முன்கை எலும்புகள். ஒரு ஜோடி. ஒரு சாண் தள்ளி இன்னொரு ஜோடி. விரல் எலும்புகள் புளியங்கொட்டை மாதிரி மண்ணோடு கலந்து கிடந்தன. பொறுக்கிப் பொறுக்கிச் சாக்கில் போட்டேன். இரண்டு கைகள். ஒரு கால். சின்னதாக இன்னொரு பாதம், பிள்ளையுடையதாக இருக்க வேண்டும்.

"எது என்னுது?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. இந்த முறை பொய் சொல்லவில்லை. "தெரியலண்ணே."

அவர் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்து தன் இடது கையை நீட்டி, முதல் ஜோடியின் மேல் வைத்து அளந்தார். பிறகு இரண்டாவதின் மேல். இரண்டும் ஏறக்குறைய அதே அளவு. மில் ஆட்கள், மூட்டைக்காரர்கள், மீன்காரர்கள், எல்லாருடைய கையும் ஒரே அளவுதான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. என் முதுகு ஒடிந்துவிடும் போல வலித்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். கடைசியில் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

"எல்லாத்தையும் கட்டு."

"எல்லாத்தையுமா?"

"இவனுங்களைத் தேடி யாரு வரப்போறா? கட்டுடா."

கல்லறையில் காவல்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார், சாக்கைப் பிரித்துப் பார்த்தார். "சீட்டு உன் கைக்குத்தான். இது இன்னா, ஒரு குடும்பத்தையே கொண்டாந்திருக்க? இதெல்லாம் வேதக்காரங்களா? சாயபு காலா இருந்தா?"

"ஞானஸ்நானம் தலைக்குத்தான ஊத்துறாங்க? கைக்கும் காலுக்கும் ஏது மதம்? வெட்டுய்யா."

காவல்காரர் முணுமுணுத்துக்கொண்டே இடம் காட்டினார். மேற்கு மதிலோரமே, பூவரசுக்குக் கொஞ்சம் தள்ளி. என்னையே வெட்டச் சொன்னார். வெட்டினேன். இந்த முறை இடுப்பளவு ஆழம். சாக்கை இறக்கினேன். அவர் மனைவி அதற்குள் வந்துவிட்டார். முந்தின நாள் சாமந்தி வாடியிருந்தது. அதையே உதிர்த்துப் போட்டார். "யார் பெத்த புள்ளைங்களோ" என்றார். அன்று தனக்கென்று பூ கேட்கவில்லை.

மண்ணை மூடியதும் நான் அங்கேயே ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். எழ மனமில்லை. ஆறு வருடக் களைப்பு மொத்தமாக வந்ததுபோல இருந்தது. அவர் மெழுகுவத்தியை நட்டுவிட்டுத் தீப்பெட்டியை என் பக்கம் நீட்டினார். உரசினேன். காற்றில் அணைந்தது. மறுபடி உரசினேன். மூன்றாவதில் பற்றிக்கொண்டது.

"அண்ணே, அன்னைக்கு எழும்பும்போது கைய மாத்தி எடுத்துக்கிட்டா? அவன் கைய நீங்களும் உங்க கைய அவனும்?"

"மாறாது."

"எப்பிடிச் சொல்றீங்க?"

"நீ இருப்பல்ல. அறுத்ததத் தூக்கினவன் நீ, பொதச்சவன் நீ, தோண்டினவன் நீ. நீதான் சாட்சி." வத்தியின் சுடரை இடது உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தூங்கலாம்னு மட்டும் நெனைக்காத. எங்களுக்கு முன்னாடி நீ எழும்பி வந்து நிக்கணும்."