முள்ளம்பன்றி கொறித்த எலும்பு

எழுபதுகளின் கடைசியில், ஆராய்ச்சி மாணவனாக இரண்டு கோடைகள் ஆந்திரத்தில் ஒரு சுண்ணாம்புக் குகையில் மண் சலித்தேன். காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரிக்காரனான எனக்கு அதுவரை பாறை என்றால் சாலை போடக் கொட்டும் ஜல்லிதான். எங்கள் களிமண்ணில் புதைத்த மாடு சில வருடங்களில் இற்றுப்போகும். அங்கே, கூரைப் பிளவு வழியே எப்போதோ தவறி விழுந்த மானின் தாடை பல்லோடு கிடந்தது. கசியும் சுண்ணாம்பு நீர் எலும்பைக் கரையவிடாமல் இறுக்கி வைத்திருந்தது. ஆந்தைகள் கக்கிய எலி எலும்புகளைக் கூடை கூடையாக அள்ளினோம்.

சில எலும்புகளில் வரிசையாகக் கீறல்கள். ஆதிமனிதன் செதுக்கிய கருவிகள் என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியர். எனக்குச் சந்தேகம். உள்பொந்தில் முள்ளம்பன்றி முட்களைப் பார்த்திருந்தேன். சமையலில் மிஞ்சிய ஆட்டெலும்பு மூன்றில் பெயின்ட் தடவிக் குகை வாசலில் போட்டேன். நான்காம் நாள் காலையில் மூன்றும் பொந்துக்குள் இருந்தன. விளிம்பில் அதே கீறல்கள்.

அவரிடம் கொண்டுபோனேன். "முள்ளம்பன்றி இழுத்துட்டுப் போய்க் கொறிக்குது சார். மனுஷன் செஞ்சது இல்லைங்க."

"உங்க ஊர்ல ஒரு கல்லாவது உண்டா? நீ எனக்குக் குகையைப் பத்திச் சொல்ல வந்துட்டே."

எலும்புகளை வாங்கி இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அடுத்த கோடைக்கு என்னை அழைக்கவில்லை. என் ஆய்வேட்டில் கையெழுத்தும் போடவில்லை. ஊர் திரும்பி, காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் எழுத்தரானேன்.

ஆறேழு வருடம் கழித்து, என்னோடு மண் சலித்த நண்பன் ஓர் ஆய்விதழை அனுப்பினான். மூன்று ஆட்டெலும்பு, நான்கு நாள், பொந்து எல்லாம் அதில் இருந்தன. செய்தவராகப் பேராசிரியரின் பெயர் இருந்தது. இவற்றைக் கருவிகள் என்று முன்பு 'சிலர்' தவறாக நினைத்ததாகவும் எழுதியிருந்தார்.

"ஒரு லெட்டராவது போடுங்களேன்" என்றாள் மனைவி.

போட்டேன். இரண்டு வரியில் பதில் வந்தது. என்னை அவருக்கு நினைவில்லையாம். என் ஆர்வத்துக்கு நன்றியாம்.

மனைவி அதைப் படித்துவிட்டு, "இந்த ஆளுக்கா ரெண்டு வருஷம் மண்ணு சலிச்சீங்க?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வீட்டில் கோபம் வரவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் வந்தது. இன்னும் போகவில்லை.