ஆறாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்

கடம்பூரில் ஒரு கடைக்காரரிடம் பாலிசிப் பத்திரத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தபோது கிளை அலுவலகத்திலிருந்து போன் வந்தது. செண்பகம் அக்கா காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை என்றார்கள். கோவில்பட்டிக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு அழுகை வரவில்லை. அவருடைய ஆயுள் காப்பீட்டுப் படிவத்தில் ஆறாவது கேள்விக்கு நான் எழுதிய பதில்தான் கண்முன் நின்றது.

கிளையில் அவரோடு பழகிய உங்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனாலும் பயிற்சி வகுப்பில் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. பதினைந்து வருடம் தீப்பெட்டி ஆலையில் வேலை பார்த்துவிட்டு நாற்பது வயதில் முகவராக வந்தவர் அவர். எம்.ஏ. முடித்து வேறு வேலை கிடைக்காமல் வந்தவள் நான். நோயை மறைத்தால் இழப்பீடு மறுக்கப்படலாம் என்று பயிற்சியாளர் சொன்னதும் அக்கா கடைசி வரிசையிலிருந்து எழுந்தார்.

"அப்ப நோயாளி எங்கன போவான் சார்?"

உள்ளதைச் சொன்னால் பெரும்பாலும் பாலிசி கிடைக்கும், கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும் என்றார் பயிற்சியாளர். "அத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா" என்றபடி அக்கா உட்கார்ந்துகொண்டார்.

பயிற்சி முடிந்து இருவரும் சேர்ந்தே பாலிசி பிடிக்கப் போனோம். நாகலாபுரத்தில் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரி எங்களைப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தார். "சாவப் பத்திப் பேசத்தான் இந்த வெயில்ல வந்தீயளாக்கும்?"

"நீங்க நூறு வருசம் இருங்க அண்ணாச்சி. நாங்க மதினியப் பாத்துப் பேச வந்தோம்" என்றார் அக்கா. வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அன்றைக்கு மோர் கிடைத்தது, பாலிசி கிடைக்கவில்லை.

புதிய முகவர்கள் ஒருவருக்கொருவர் போணி செய்துகொள்வது நம் கிளையில் வழக்கம். முதல் பாலிசியை இன்னொரு புது முகவரிடமே எடுத்துவிடுவது. நாங்களும் ஒரு மாதக் கடைசியில் பேருந்து நிலையத்து டீக்கடையில் அப்படி உட்கார்ந்தோம். என் படிவத்தை அக்கா ஒவ்வொரு கேள்வியாக வாசித்து நிரப்பினார். கல்லூரியில் ஒருமுறை மயங்கி விழுந்ததைச் சொன்னேன், அதையும் எழுதினார். அதனால் எனக்கு மருத்துவச் சோதனை வந்தது. பாலிசி மூன்று வாரம் தள்ளிப்போனதில் எனக்கு எரிச்சல்தான்.

அவருடைய படிவத்தை நான் எழுதினேன். ஆறாவது கேள்வி, ஏதாவது நோய்க்குத் தொடர்ந்து மருந்து எடுக்கிறீர்களா என்பது. அக்கா டீயை ஆற்றிக்கொண்டே, "பிரஷர் மாத்திர போடுதேன்ட்டி, எழுதிரு" என்றார். அதை எழுதினால் அவருக்கும் சோதனை வரும், அந்த மாதத்துக் கணக்கில் என் முதல் பாலிசி சேராது. 'இல்லை' என்று எழுதினேன். அவர் வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார். "படிச்ச பிள்ள, சரியாத்தான் எழுதியிருப்ப."

பதினான்கு மாதங்கள் போயின. ஒரு திருத்தக் கடிதம் போதுமாயிருந்தது. அவரைப் பார்க்கும்போதெல்லாம் அடுத்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன்.

மூன்று வருடம் ஆகாத பாலிசி என்பதால் இப்போது விசாரணை நடக்கிறது. மருந்துக் கடைச் சீட்டுகளைக் கேட்டிருக்கிறார்கள். அக்கா மறைத்துவிட்டதாக முடிவானால் மகள் கார்த்திகாவுக்கு எதுவும் கிடைக்காது. அவள் கல்லூரியில் முதலாமாண்டு. போன வாரம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"அம்மாட்ட சொன்னீயளா?"

இல்லை என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்று இதையெல்லாம் கிளை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன். உரிமம் போகலாம், யோசித்துக்கொள் என்றார். இதனால் கார்த்திகாவுக்குப் பலன் உண்டா என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை.

அக்காவின் பேச்சை, சிரிப்பை உங்களில் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது அவரிடம் சொல்லாமல் விட்டது மட்டும். அவரைப் பொய் சொன்னவர் என்று நாளை யாரும் பேசிவிடக் கூடாது என்பதால் அதை உங்கள் முன் வைக்கிறேன். செண்பகம் அக்கா உள்ளதைச் சொன்னார். இல்லை என்று எழுதியது நான்.