நவமணியின் எண்ணெய் முகம்

1978 தீபாவளிக்கு மறுநாள் காலை நவமணி தோட்டத்தை விட்டுக் கிளம்பினாள். சிலிம் ரிவருக்குப் பக்கத்தில் உள்ள ரப்பர் தோட்டம் அது. ஈப்போவில் ஓர் எம்போரியத்தில், அழகுச் சாமான் கவுண்டரில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பெட்டியைக் கட்டி முடித்ததும் அவளுடைய அம்மா ராக்காயி தேங்காய் எண்ணெய் போத்தலோடு வந்து நின்றாள். நெற்றி, கன்னம், கழுத்து, பிறகு முழங்கை வரைக்கும் இரண்டு கை என்று அழுத்தித் தேய்த்துவிட்டாள்.

விடியுமுன் மரம் சீவப் போகிறவர்கள் தினமும் செய்கிற காரியம் அது. மரத்திலிருந்து தெறிக்கும் பால் தோலில் காய்ந்துவிட்டால் உரிக்கும்போது முடியும் சேர்ந்து வரும். எண்ணெய் பூசியிருந்தால் துணியால் துடைத்தாலே போய்விடும்.

“ஈப்போவுல ஏதும்மா பாலு?” என்றாள் நவமணி.

“பாலு இல்லாட்டி தூசி இருக்கும்லா. காட்டு மூஞ்சிய.”

வீட்டுச் சுவரில் இரண்டு உளிகள் தொங்கின. ஒன்று ராக்காயியுடையது. மற்றது, பள்ளியை விட்ட நாள் முதல் தனக்கு ஒதுக்கிய மர வரிசையை, அதாவது நிரையை, நவமணி சீவிய உளி.

“சீனப் பெருநாள் வரைக்கும்தான் ஒன்ன வச்சிப் பாப்பாங்களாம்ல. அதுவரைக்கும் ஒன் நிரைய பக்கத்து வீட்டுக் காளியம்மா சீவுவா. சரிப்பட்டு வரலன்னா வந்துரு. உளி இங்கதான் இருக்கும்” என்றாள் ராக்காயி.

மகளை அவள் தடுக்கவில்லை. மகள் அங்கே நிலைப்பாள் என்று நம்பவும் இல்லை. திரும்பி வந்து அந்த உளியைத் தொடக் கூடாது என்பது ஒன்றுதான் பஸ் ஏறும்போது நவமணியின் மனதில் இருந்தது.

எம்போரியத்தில் கவுண்டருக்குப் பொறுப்பானவர் மிஸ் வோங். அவர் முதலில் பார்த்தது நவமணியின் சான்றிதழை அல்ல, முகத்தை. கூரையில் வரிசையாக எரிந்த குழல்விளக்குகள் அத்தனையும் அவள் நெற்றியில் தெரிந்தன. பக்கத்தில் நின்ற எல்ஸி ஈப்போவிலேயே பிறந்து வளர்ந்தவள். வாய் சும்மா இருக்காது.

“மணி, கொஞ்சம் திரும்பு. ஒன் கன்னத்தப் பாத்து நான் பொட்டு வச்சிக்கிறேன்.”

மிஸ் வோங் சிரிக்கவில்லை. முகத்துக்குப் பூசுவதை விற்கிறவளின் முகம் இப்படி இருந்தால் யார் வாங்குவார்கள் என்று மலாயில் கேட்டார். பெருநாளுக்குள் சரிசெய்ய வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார்.

அன்றே நவமணி தேங்காய் எண்ணெயை நிறுத்தினாள். அத்தோடு விட்டிருக்கலாம். எண்ணெயைப் பகையாளியாக நினைத்து விரட்டத் தொடங்கினாள். துணி துவைக்கும் சவுக்காரக் கட்டியில் ஒரு துண்டு நறுக்கிப் பையில் வைத்துக்கொண்டு, கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் முகத்தைக் கழுவினாள். சந்தையில் பெடாக் செஜோக் வாங்கினாள். மலாய்ப் பெண்கள் நீரில் குழைத்துப் பூசும் அரிசி மாவு உருண்டை அது. குளிரூட்டியின் கீழே நின்றபோது தோல் இழுத்துப் பிடித்தது; மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. ஆனாலும் மதியத்துக்குள் மாவை மீறி எண்ணெய் கசிந்துவிடும்.

“ஏண்டி, பூசுற லோஷன் இத்தன இருக்கு. ஒண்ணு போட்டுப் பாரேன்” என்றாள் எல்ஸி.

“எண்ணெ வடியிற மூஞ்சிக்கு மேல எண்ணெயா?”

“இது காஞ்ச தோலுக்கு ஈரம் குடுக்குறது. ஒன் தோலு எண்ணெயா இருக்கு, ஆனா காஞ்சி போய் உரியுது. ரெண்டும்தான் இருக்கு ஒனக்கு.”

நவமணிக்குப் பாதி நம்பிக்கை வந்தது. கவுண்டரிலேயே விலை கூடியது எதுவோ அதுதான் நல்லதாக இருக்கும் என்று நினைத்து, கண்ணாடிச் சிமிழில் இருந்த கெட்டியான கிரீமின் மாதிரியை எடுத்துப் போனாள். மறுநாள் விடியுமுன் எழுந்து, அம்மா தேய்த்த மாதிரியே தேய்த்தாள். நெற்றி, கன்னம், கழுத்து, முழங்கை வரைக்கும் இரண்டு கை. நிரைக்குப் போகிறவளின் கை அது. வேறு விதமாகப் பூச அதற்குத் தெரியாது.

வாரம் முடிவதற்குள் தாடையெல்லாம் பரு. மிஸ் வோங் அவளைப் பின்னால் சரக்கு வைக்கும் கிட்டங்கிக்கு அனுப்பினார். பெட்டி பிரிக்கிற வேலை.

“போச்சு எல்ஸி. அம்மா உளியத் தீட்டி வச்சிருக்கும்” என்றாள் நவமணி. எல்ஸிக்கு அன்று கேலி வரவில்லை. வெளியே போய் வடை வாங்கி வந்தாள்.

வடை சுற்றிய தாளை விரித்தபோது, எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடிபோல் தெரிந்தது. நவமணி தின்பதை நிறுத்திவிட்டு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குனோங் ராபாட்டில் அவள் தங்கியிருந்த வீட்டுக்காரர் சின்னையா, மெல்லிய தாளில் புகையிலை வைத்து ரோக்கோ சுருட்டிப் புகைக்கிறவர். அவரிடம் ஒரு கட்டு ரோக்கோ தாள் கேட்டாள்.

“பொம்பளப் புள்ள, எப்பத்திலேருந்து இந்தப் பழக்கம்?” என்றார் அவர்.

“ஊதுறதுக்கு இல்லண்ணே. ஒட்டிப் பாக்குறதுக்கு.”

கவுண்டரிலிருந்த மாதிரிகளில் ஒவ்வொரு துளி எடுத்து, ஒவ்வொரு தாளில் வைத்துக் காய விட்டாள். சிமிழில் இருந்த கிரீம் வடைத் தாளைப்போலவே பெரிய கறை விட்டிருந்தது. பால்போல் இருந்தவை சிறிய வட்டங்கள் விட்டிருந்தன. எல்ஸி எப்போதும் பின் வரிசையில் தள்ளிவைக்கும், தண்ணீர்போல் ஓடும் மலிவான லோஷன் ஒன்று மட்டும் காய்ந்த சுவடே தெரியாமல் போயிருந்தது.

அதைத்தான் எடுத்தாள். சவுக்காரத்தை எறிந்துவிட்டுப் பிள்ளைக்குப் போடும் சோப்பு வாங்கினாள். காலையும் மாலையும் மட்டும் கழுவி, முகம் ஈரமாக இருக்கும்போதே, பச்சைப்பயறு அளவு லோஷனை விரல் நுனியால் ஒற்றினாள். உள்ளங்கையை வைக்கவில்லை. அந்தப் பழக்கத்தை மாற்றத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள். முதலில் இடது கன்னத்தில் மட்டும் பூசினாள். மதியம் இரண்டு கன்னத்திலும் தாளை ஒட்டி எடுத்து, எல்ஸியைக் கூப்பிட்டு விளக்குக்கு நேராகப் பிடித்தாள். வலது கன்னத்துத் தாளில் பின்னால் இருந்த விளக்கு தெரிந்தது. இடது தாள் தாளாகவே இருந்தது.

அற்புதம் ஒன்றும் நடந்துவிடவில்லை. பருத் தழும்பு போக நாளானது. மினுக்கம் குறைந்ததே தவிரப் போகவில்லை. ஆனால் பெருநாள் கூட்டம் வந்தபோது மிஸ் வோங் அவளைக் கிட்டங்கியிலிருந்து முன்னால் கூப்பிட்டார். முகத்தை ஒருமுறை பார்த்தார், எல்ஸி எடுத்துக் காட்டிய தாள்களையும் பார்த்தார். மறுநாள் கவுண்டரில் மாதிரிப் போத்தல்களுக்குப் பக்கத்தில் ஒரு கட்டு ரோக்கோ தாளை அவரே கொண்டுவந்து வைத்தார். வேலை நிலைத்தது.

நவமணி அந்த லோஷனில் ஒரு போத்தல் வாங்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள். ராக்காயி உள்ளங்கையில் ஊற்றினாள். அது விரலிடுக்கில் ஒழுகியது.

“என்னாடி இது? காசு குடுத்து தண்ணி வாங்குனியா?” பிறகு மகளின் தாடையைப் பிடித்துத் திருப்பினாள். “பளபளப்பே போச்சு. சீக்குக்காரி மாதிரி இருக்க. சாப்புடுறியா இல்லியா?”

போத்தல் எண்ணெய் போத்தலுக்குப் பின்னால் போனது. நிரையைக் காளியம்மாவின் பேரிலேயே மாற்றிவிட்டார்கள். ஆனால் உளி சுவரில் தொங்கியது, புதிதாகத் தீட்டிய விளிம்போடு. பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் நவமணி ஒரு போத்தல் கொண்டுபோனாள். ஒவ்வொரு முறையும் உளி தீட்டியே இருந்தது. “இன்னும் எதுக்கும்மா?” என்று ஒருமுறை கேட்டாள். “இருந்துட்டுப் போகுது. சோறா கேக்குது?” என்றாள் ராக்காயி. எம்போரியத்தில் மூத்த விற்பனையாளர் ஆன பிறகும் நவமணிக்கு ஒரு கால் தோட்டத்திலேயே நிற்கிற மாதிரிதான் இருந்தது.

இதையெல்லாம் அவள் எனக்குச் சொன்னது 1983இல். நான் பல நாடுகள் சுற்றி, வெயிலை வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குத் திரும்பியிருந்தேன். முகம் உரிந்து, எண்ணெயும் வழிந்தது. லோஷன் கேட்டுப் போன என் நெற்றியில் அவள் தாளை ஒட்டினாள். “அசையாதீங்கக்கா.”

அடிக்கடி போய்ப் பழகிவிட்ட பிறகு ஒரு சனிக்கிழமை நான் அங்கே நின்றபோது, தோட்டத்திலிருந்து ஈப்போவுக்கு வேன் ஓட்டும் கார்த்திகேசு வந்தார். பளிங்குத் தரையில் சிலிப்பர் வழுக்கிவிடுமோ என்று பார்த்துப் பார்த்து நடந்தார்.

“தங்கச்சி, ராக்காயி அக்கா ஒண்ணு சொல்லச் சொன்னாங்க.”

நவமணியின் கையில் தாள் அப்படியே நின்றது. “ஒடம்பு கிடம்பு சரியில்லையா அண்ணே?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்காங்க. ஒன் உளியக் காளியம்மா மருமகளுக்குக் குடுத்துட்டாங்களாம். சொல்லிரச் சொன்னாங்க.” கொஞ்சம் யோசித்தார். “இன்னொண்ணு. நீ குடுத்த அந்த லோஷன் போத்தல் முடிஞ்சிருச்சாம், தீபாவளி வரைக்கும் தாங்காதாம். ஒண்ணு குடுத்து விடணுமாம். கெட்டியா இருக்குறது வேணாமாம். தண்ணி மாதிரி ஓடுறதுதானாம்.”